நட்சத்திர வட்டத்துக்கு நடுவுல: நேப்பியர் பயணக் குறிப்பு

வியாழன், வெலிங்டன்

அக்கா வீடு லோயர் ஹட்ல. நவம்பர் ஆரம்பம், இங்க வசந்த காலம்னு பேரு, ஆனா காத்து ஆளையே தள்ளுது. நான் இந்தத் தடவ நியூசிலாந்து வந்ததுக்கு முக்கியமான காரணமே நேப்பியர் பக்கத்துல இருக்கிற ஆத்தேயா ஆ ராங்கிதான். கடலோரப் புல்வெளியில மரத்தூண்கள செதுக்கி வட்டமா நட்டு வச்சிருக்காங்க, 2017-ல திறந்தாங்க, வட்டத்துக்கு நடுவுல போய் நின்னா நீங்கதான் படகு, சுத்தி இருக்கிற தூணெல்லாம் அடிவானம். பசிபிக்ல கருவியே இல்லாம நட்சத்திரத்தப் பாத்துப் படகு ஓட்டினாங்களே, அந்த மொத்த அறிவையும் ஒரு மனுஷன் உள்ள நடந்து போற அளவுக்குப் பெருசா கட்டி வச்சிருக்காங்க. போட்டோ பாத்த நாள்லருந்தே போயே ஆகணும்னு மனசுல கெடந்தது.

இன்னைக்கு தே பாப்பா மியூசியம். வாக்கா, அதாவது மாவோரி படகுகள், அது இருக்கிற பக்கமே ரொம்ப நேரம் நின்னேன். வெளிய வந்தா தண்ணிக்கரையிலயே கூப்பே சிலை, கூட மனைவி, கூட ஒரு பூசாரி, மூணு பேரும் தூரத்துல எதையோ பாத்துட்டு நிக்கிறாங்க. ஹவாய்க்கிங்கிற மூதாதையர் நாட்டுலருந்து ஒரு பெரிய ஆக்டோபஸ துரத்திக்கிட்டே வந்து இந்த நிலத்தக் கண்டுபிடிச்சார்னு மாவோரிகள் சொல்ற மாலுமி அவர். இங்க மனுஷங்க குடியேறினது 13-ம் நூற்றாண்டு வாக்குலதான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. தைவான்லருந்து நாலாயிரம் அஞ்சாயிரம் வருஷம் முன்னாடி கிளம்பின மொழிக் குடும்பம் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியானு தீவு தீவா பரவி, மேற்க மடகாஸ்கர் வரைக்கும் கிழக்க ராப்பா நூயி, அதாவது ஈஸ்டர் தீவு வரைக்கும் போச்சு. அந்தப் பயணத்துல கிட்டத்தட்ட கடைசியா வந்து சேந்த பெரிய நிலம் நியூசிலாந்துதான்.

தே பாப்பா சேகரிப்புல நம்ம ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பொருளும் இருக்கு, தமிழ் மணி. விளிம்பு உடைஞ்ச சின்ன வெண்கல மணி, 13 செ.மீ. தான், சுத்தி பழைய தமிழ் எழுத்து, முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணினு படிக்கிறாங்க. 1836 வாக்குல வில்லியம் கொலென்சோங்கிற மிஷனரி வடக்க ஒரு மாவோரி ஊர்ல பாத்தப்போ பொம்பளைங்க அதுல உருளைக்கிழங்கு அவிச்சிட்டு இருந்தாங்களாம், ஒரு இரும்புச் சட்டியக் குடுத்துட்டு மணிய வாங்கிட்டார். கப்பலே வந்துச்சா, இல்ல யாரும் கொண்டு போட்டதானு இன்னும் முடிவாகல. இத வச்சு தமிழன்தான் நியூசிலாந்தக் கண்டுபிடிச்சான்னு வாட்ஸப்ல வருது பாருங்க, எனக்கு அதுல கொஞ்சமும் சம்மதம் இல்ல, கடலையே வீடா வச்சு வாழ்ந்த சனங்களோட பெருமைய நாம ஏன் பிடுங்கணும். ஆனா கொலென்சோ பேர மறக்காதீங்க, சனிக்கிழமை திரும்ப வருவார்.

வெள்ளி, நேப்பியர்

அத்தான் கார்ல கிளம்பினோம், நான், அக்கா, அக்கா பையன். புளியோதரை கட்டி எடுத்தாச்சு. வழியில சொல்ற மாதிரி பெருசா ஒண்ணும் இல்ல, மலை, ஆடு, ஆடு, மலை, மதியத்துக்கு மேல வந்து சேந்தோம்.

நேப்பியர் 1931 பிப்ரவரி 3 பூகம்பத்துல தரைமட்டமான ஊர், இந்த வட்டாரத்துல 256 பேர் செத்துப் போனாங்க, கடலடி நிலம் ரெண்டு மீட்டருக்கு மேல தூக்கிட்டு வந்துருச்சு. திரும்பக் கட்டினப்போ எல்லாமே அந்தக் காலத்து ஆர்ட் டெகோ பாணி, அதப் பாக்கத்தான் டூரிஸ்ட் கூட்டம். அழகுதான், ஒரு மணி நேரத்துல சுத்தி முடிச்சிட்டோம்.

நான் காத்திருந்தது ராத்திரிக்கு. மரீன் பரேட் கடற்கரை கிழக்கப் பாத்தது, மணலே கிடையாது, கறுப்புச் சாம்பல் கலர் கூழாங்கல்லு, அலை திரும்பும்போது கல்லெல்லாம் உருண்டு ஒரு சத்தம் வருது. சாப்பிட்டுட்டு ஒம்பதே முக்கால் வாக்குல போய் ரோட்டு வெளிச்சம் படாத இடமா பாத்து உக்காந்தோம். பத்து மணி சுமாருக்கு வடகிழக்குல தண்ணிக்கு மேல மங்கலா ஒரு கூட்டம் எழும்புச்சு.

"லே, அது கார்த்திகைல்லா" அப்டின்னா அக்கா.

"இல்லம்மா, மாத்தாரிக்கி" அப்டின்னான் பையன். ஸ்கூல்ல ஒம்பது நட்சத்திரத்துக்கும் தனித்தனி பேர் சொல்லிக் குடுத்திருக்காங்க, அவன் ஒப்பிச்சான். ஜூன் ஜூலையில விடியக்காலம் இது கிழக்க தெரியும்போதுதான் மாவோரிகளுக்கு வருஷப் பிறப்பு, 2022-லருந்து நாடு முழுக்க லீவு. நமக்கு இதே கூட்டம் பொழுது சாயும்போது கிழக்க எழும்புற மாசத்துல தீபம். ரெண்டு சனமும் ஒரே நட்சத்திரத்த வச்சு வருஷத்தக் கணக்குப் பண்ணிருக்கு, ஒண்ணு காலையில பாத்து, ஒண்ணு சாயங்காலம் பாத்து.

அடுத்து ஒரு இருபது நிமிஷத்துல நேர் கிழக்குல மூணு நட்சத்திரம், ஓரியன் இடுப்புப் பட்டைனு சொல்வாங்கல்ல அது, ஒண்ணு பின்னாடி ஒண்ணா கடல்லருந்து ஏறிச்சு. இந்தப் பட்டை வான நடுக்கோட்டுல இருக்கு, அதனால உலகத்துல எங்கருந்து பாத்தாலும் ஏறக்குறைய நேர் கிழக்குல உதிக்கும், நேர் மேற்குல மறையும். குளச்சல்லருந்து பாத்தாலும் சரி இங்கருந்து பாத்தாலும் சரி. மாலுமிக்கு இத விட நம்பிக்கையான அடையாளம் என்ன வேணும். இங்க உருவம் மட்டும் தலைகீழா நிக்குது. தெற்க திரும்பினா அகத்தியர் நட்சத்திரம், நம்ம ஊர்ல தெக்கால கொஞ்ச மாசம் தாழ்வா தெரிஞ்சிட்டு போயிரும்ல, இங்க அது மறையறதே இல்ல, ராத்திரி முழுக்க வருஷம் முழுக்க தென்துருவத்த சுத்திட்டே இருக்கும். அதப் பாத்தப்போ எவ்வளவு தெக்கால வந்திருக்கோம்னு விமானத்துல வந்தப்போ புரியாதது இப்போதான் புரிஞ்சது.

சனி, ஆத்தேயா ஆ ராங்கி

சைக்கிள் வாடகைக்கு எடுத்து கடலோரப் பாதையில தெக்க ஒரு பத்து கிலோமீட்டர். அவாட்டோட்டோ தாண்டினா ஆறுகள் கடல்ல சேர்ற முகத்துவாரம், அந்தப் புல்வெளிப் பூங்காவுக்கு வைட்டாங்கினு பேரு. தூரத்துலருந்தே தூண்கள் தெரியுது.

மாவோரியில தூணுக்கு பௌ. மொத்தம் 32, ஆள விட நல்லா உயரம், ஒவ்வொண்ணுலயும் உருவம் செதுக்கியிருக்கு, உளி போன தடம் விரல்ல தட்டுப்படுது, கடல் காத்துல மரம் வெளிறி நுனியில வெடிப்பு விட்டிருக்கு. கிழக்கு மேற்கு வடக்கு தெற்கு நாலு வாசல். ஒவ்வொரு தூணும் நட்சத்திரத்தோட ஒரு வீடு, வீடுனேதான் சொல்றாங்க, நட்சத்திரம் உதிக்கிற வீடு, இறங்குற வீடு. 360 டிகிரிய 32 ஆல வகுத்தா ஒரு வீட்டுக்கு 11.25 டிகிரி.

வழிகாட்ட வந்தவர் வயசான மனுஷர், பையன் ஸ்கூல் பழக்கத்துல அவர "மாத்துவா"னு மரியாதையா கூப்பிட்டான், அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. முதல்ல எதையும் விளக்கல. பையன நடுவுல நிக்க வச்சார், கண்ண மூடச் சொன்னார், தோளப் பிடிச்சு நாலஞ்சு சுத்து சுத்திவிட்டு, "இப்போ கடல் எந்தப் பக்கம்"னு கேட்டார். பையன் கொஞ்ச நேரம் பேசாம நின்னான், தலைய இப்படி அப்படி திருப்பினான், அப்புறம் கையக் காட்டினான், சரியா இருந்துச்சு. எப்படிடானு கேட்டா இடது கன்னத்துல காத்து குளுந்துச்சாம், காதுல கல்லுச் சத்தம் அந்தப் பக்கமிருந்து வந்துச்சாம். "இதுதான் முதல் பாடம்"னார் பெரியவர். அடுத்து அக்கா, அத்தான், நான், எல்லாரும் நின்னோம்.

அப்புறம்தான் வானத்துக்கு வந்தார். கிழக்குல ஒரு வீட்டுல உதிக்கிற நட்சத்திரம் மேல ஏறி வளைஞ்சு மேற்குல அதே பேருள்ள வீட்டுல இறங்கும். அது மேல போயிட்டா திசை காட்டாது, ஆனா அதே வீட்டுலருந்து அடுத்த நட்சத்திரம் வரும், அதுக்கு அடுத்தது வரும், இந்த வரிசைய மனப்பாடம் பண்ணி வச்சிருக்கிறவன் ராத்திரி பூரா ஒரே வீட்டப் பாத்து படகு விடலாம். காத்தும் அலையும் வேற மாதிரி, ஒரு வீட்டுல உள்ள வந்து வட்டத்தக் கடந்து நேர் எதிர் மூலையில அதே பேருள்ள வீட்டு வழியா வெளிய போகும். பேர வச்சே ரெண்டையும் ஞாபகத்துல கோத்து வச்சிருக்காங்க, இத யோசிச்சவங்கள நினைச்சா மலைப்பா இருக்கு.

இந்த வட்டத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. மைக்ரோனேசியாவுல சத்தவால்னு ஒரு சின்னத் தீவு, அங்க மௌ பியாய்லுக் சின்னப் பையனா இருந்தப்போ அவரோட தாத்தாதான் கடல் சொல்லிக் குடுத்தார். அந்தத் தீவுகள்ல பாய விரிச்சு, கல்லும் பவளத் துண்டும் வட்டமா அடுக்கி, நடுவுல படகு வச்சுத்தான் பிள்ளைங்களுக்கு நட்சத்திர வீடுகள் பழக்குவாங்க. ஹவாய்ல 1970-கள்ல ஹோக்கூலேஆனு பழைய முறையில ரெட்டை உடல் படகு கட்டினாங்க, ஆனா ஓட்ட வழி தெரிஞ்ச ஹவாய்க்காரங்க ஒருத்தர் கூட மிச்சமில்ல. பாலினேசியர்கள் திசை தெரிஞ்சு வரல, அடிச்சிட்டுப் போன படகுல தற்செயலா தீவுகள்ல ஒதுங்கினவங்கன்னு அப்போ புத்தகத்துலயே எழுதிட்டு இருந்தாங்க. மௌ வந்தார். 1976-ல கருவி எதுவும் இல்லாம ஹவாய்லருந்து டஹிட்டிக்குக் கொண்டு போய் சேத்தார், ஒரு மாசத்துக்கு மேல கடல்ல. தன் தீவுக்குள்ளயே ரகசியமா வச்சிருந்த அறிவ வெளியாளுங்களுக்கு சொல்லிக் குடுத்ததுக்கு ஊர்ல எதிர்ப்பு இருந்துச்சு, குடுக்கலைன்னா இது என்னோட முடிஞ்சிரும்னு அவர் குடுத்தார். அவருகிட்ட கத்துக்கிட்ட நைனோவா தாம்சன் 1980-ல அதே வழியில போய்ட்டு வந்தார், 32 வீட்டுக்கும் ஹவாய் பேர் வச்சார். 1985-ல ஹோக்கூலேஆ நியூசிலாந்து வந்தப்போ அதப் பாத்துத்தான் வடக்க பாலம் கட்டுற வேலையில இருந்த ஹெக் பஸ்பிங்கிற மாவோரி பெரியவர் படகு கட்ட இறங்கினார், 1992-ல அவர் கட்டின தே ஆவுரேரேங்கிற படகு குக் தீவுகள்ல இருக்கிற ராரோடோங்கா வரைக்கும் போச்சு, அவர் தன் ஊர்ல ஒரு குன்றுல தூண் நட்டு இதே மாதிரி வட்டம் வச்சார். அந்த வழியில வந்ததுதான் நான் இன்னைக்கு நின்னது. பாய்ல வச்ச கல்லு இங்க வந்து மரமா எழும்பி நிக்குது.

ப்ரொஜெக்டர் வச்சு சுவரெல்லாம் கடல் ஓட்டி, ஸ்பீக்கர்ல அலை போட்டு, டிக்கெட் குடுத்து உள்ள விடுற கலைக்காட்சிகளுக்கு நானும் போயிருக்கேன், நல்லாதான் இருக்கும். ஆனா அதுல நான் பாக்குற ஆளா மட்டும்தான் இருந்தேன். இங்க காத்து நிசக் காத்து, வானம் நிசம், அந்த வட்டத்துக்குள்ள நான் நின்னாத்தான் அது வேலை செய்யுது, நடுவுல ஆள் இல்லைன்னா அது வெறும் தூண் வரிசை. கலைனு சொல்றதா பள்ளிக்கூடம்னு சொல்றதானு அத்தான் கேட்டார், எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் பட்டுது.

பெரியவர்ட்ட எங்க பாட்டா கதைய சொன்னேன். கன்னியாகுமரிக் கரையில கணியம் பாப்பாங்க, கரையில ஒரு கோயில் கோபுரம், அதுக்குப் பின்னாடி ஒரு மலை முனை, ரெண்டும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி ஒரு கணியம், இன்னொரு பக்கம் அதே மாதிரி வேற ஒண்ணு, ரெண்டு கோடும் வெட்டுற இடத்துலதான் பாறை இருக்கும், மீன் இருக்கும். காத்துக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு பேரு, நீரோட்டத்துக்கு நீவாடு. பெரியவர் கணியத்த ரெண்டு தடவ சொல்லச் சொன்னார், கையால கோடு போட்டுப் பாத்தார், "எங்க மீன்பிடி இடங்களையும் இப்படித்தான் மலைய வச்சு ஞாபகம் வச்சிருந்தாங்க"னார். ஒரு பக்கம் மிதவை கட்டின இலங்கைப் படகெல்லாம் இவங்க மூதாதையர் இந்துமாக்கடல் பக்கம் வந்தப்போ விட்டுட்டுப் போன முறைனு நிறைய ஆய்வாளர்கள் சொல்றாங்க, ஆக இந்த ரெண்டு கடலும் ஒண்ணுக்கொண்ணு அந்நியம் இல்ல.

கொலென்சோ வருவார்னு சொன்னேன்ல. வடக்க இருந்த அந்த மனுஷன் 1844 கடைசியில குடும்பத்தோட வந்து மிஷன் போட்ட இடம் இந்த வைட்டாங்கிதான், இந்த முகத்துவாரத்து ஓரம். தமிழ் மணிய வச்சிருந்தவர் நடந்த மண்ணுல இன்னைக்கு நட்சத்திர வட்டம் நிக்குது. 1899-ல நேப்பியர்லயே இறந்தார், மணி அவர் உயில் வழியா வெலிங்டன் மியூசியத்துக்குப் போச்சு. இது ரெண்டும் ஒரே இடத்துல வந்து சேரும்னு கிளம்பும்போது எனக்குத் தெரியாது, தெரிஞ்சப்போ ரொம்ப நேரம் பேச முடியல.

ஞாயிறு, மறுபடி வட்டம், அப்புறம் அஹுரிரி

அத்தானும் நானும் மட்டும் அஞ்சு மணிக்கே சைக்கிள எடுத்தோம். ஆறு மணி தாண்டி சூரியன் வந்துச்சு, நேர் கிழக்கு வாசல்ல இல்ல, ஒரு இருபது டிகிரி தெக்கால. இந்த அட்சரேகையில டிசம்பர்ல முப்பது டிகிரி தெக்க வரைக்கும் போகும், ஜூன்ல அதே அளவு வடக்க. அதனால தூண்கள் வருஷம் முழுக்க காலண்டராவும் வேலை செய்யுது. வெளிச்சம் வந்ததும் தென்கிழக்குத் தூணோட நிழல் புல்லு மேல நீளமா விழுந்து எங்கள தாண்டி எதிர் மூலைக்குப் போச்சு. நேத்து சொன்னாரே, காத்தும் அலையும் எதிர் மூலையில அதே பேருள்ள வீட்டு வழியா போகும்னு, அது இந்த நிழல்ல அப்படியே கோடு போட்டுத் தெரிஞ்சுது. மாலுமிங்க முன்னாடி மட்டும் பாக்க மாட்டாங்களாம், பின்னாடி திரும்பி சூரியன் எந்த வீட்டுல இருக்குனு பாத்தே முன்னாடி போற திசைய சரி பண்ணுவாங்க.

பத்து மணிக்கு மேல எல்லாருமா அஹுரிரி துறைமுகம், தே மாத்தாவ் ஆ மாவுயி படகு கட்டியிருந்த இடத்துக்கு. மாவுயியோட தூண்டில் முள்ளுனு அர்த்தம், இந்த வளைகுடாவுக்கே அந்தப் பேருதான். மாவுயி இவங்க புராணக் கதை நாயகன், அவர் கடல்லருந்து இழுத்த மீன்தான் நியூசிலாந்து வடதீவுனு கதை. 22 மீட்டர் நீளம், ரெட்டை உடல், இதே மாதிரி கட்டின ஏழு படகுகள் 2011-ல கூட்டமா பசிபிக்கக் கடந்து ஹவாய்க்கும் அமெரிக்கக் கரைக்கும் போச்சு. உடல் ஃபைபர்கிளாஸ், மோட்டாருக்கு சோலார் பேனல். ஆனா ரெண்டு உடலையும் சேக்குற குறுக்குக் கட்டைங்கள பாருங்க, போல்ட்டு கிடையாது, கயிறுதான், சுத்திச் சுத்தி, குறுக்க ஒரு சுத்து, மேல ஒரு இறுக்கு, கை வச்சு அமுக்கினா கல்லு மாதிரி இருக்கு. இரும்பு போட்டு முறுக்கினா பெரிய அலையில உடைஞ்சிரும், கயிறு கொஞ்சம் அசைஞ்சு குடுக்கும்னு அங்க வேலை பாத்துட்டு இருந்த பொண்ணு சொன்னாங்க. நம்ம கட்டுமரத்துல மரத்த வரிஞ்சு கட்டுறதுக்கும் இதேதான் காரணம், அத நானும் அவங்களுக்கு சொன்னேன்.

மேகம் மூடிட்டா என்ன பண்ணுவீங்கனு அக்கா கேட்டா. நீரோட்டமும் உள்ளூர்க் காத்தும் மாறும், தூரத்துலருந்து வர்ற பெரிய அலை சீக்கிரம் மாறாதாம், பொழுது சாயும்போதே அது எந்த வீட்டுலருந்து வருதுனு குறிச்சு வச்சுக்குவாங்க, ராத்திரி படகு முதல்ல மூக்கத் தூக்குதா, ஒரு பக்கமா சாயுதா, சாஞ்சுட்டு திருகுதானு முதுகாலயே கண்டுபிடிப்பாங்க. ரெண்டு மூணு திசையிலருந்து அலை ஒரே நேரத்துல வரும், அத பிரிச்சு உணரப் பழகறதுக்குத்தான் வருஷக்கணக்காகும். மேல்தளத்துல படுத்துப் பாக்கச் சொன்னாங்க, பையன் படுத்தான், துறைமுகத் தண்ணிதான், ஆனாலும் பக்கத்துல ஒரு மீன்பிடிப் படகு போனப்போ "இப்போ வலது பக்கத்துலருந்து வருது"னான், சரிதான்.

ஸ்கூல் குழுக்கள கடலுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம், டீச்சர் மூலமா எழுதிக் கேக்கணும். திரும்பி வர்ற வழியில டானவிர்க் தாண்டும்போதே பின் சீட்டுல உக்காந்து பையன் லெட்டர் எழுத ஆரம்பிச்சிட்டான். நான் ஜனவரியில ஊருக்குப் போறேன், குளச்சல்ல பெரியப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு, இன்னும் கரைக்கு வர்றார், அவர வள்ளத்துல கூட்டிட்டுப் போய் அவருக்குத் தெரிஞ்ச கணியம் ஒவ்வொண்ணையும் வீடியோ எடுக்கணும்னு அக்காட்ட சொன்னேன், அவ அப்பவே போன் போட்டு பெரியப்பாட்ட பேசிட்டா. வாடை தணியட்டும் மக்கா, அப்புறம் போலாம்னு சொல்லியிருக்கார்.